சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் பெரிய பூச்சி எது? டர்பன் தோட்டக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நவம்பர் நடுவில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை. பக்கத்து வீட்டு ஆயா வேலியோரம் வந்து கூப்பிட்டார். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் தெருவில் எல்லாப் பேச்சும் வேலிக்கு மேலேதான் நடக்கும். கேட்டைச் சுற்றி வருவதற்குள் செய்தி ஆறிப்போய்விடும் என்பது இங்குள்ளவர்கள் கணக்கு.

"சீக்கிரம் வா. தாத்தா வந்திருக்கிறார்."

தாத்தா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போய்ப் பார்த்தேன். பின்கட்டு விளக்குக்குக் கீழே, சுண்ணாம்புச் சுவரில், என் உள்ளங்கையைவிடப் பெரிய பழுப்புப் பூச்சி ஒன்று இறக்கைகளை விரித்து அப்பியிருந்தது. ஆயாவின் பேரன் செல்பேசியில் தேடிவிட்டு, "அட்லஸ் பூச்சி, உலகத்திலேயே பெரியது" என்றான். எதிர்வீட்டு அண்ணன் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, வௌவால் குட்டி என்று அடித்துச் சொன்னார். பையன் சொன்னதும் தவறு, அண்ணன் சொன்னதும் தவறு. ஆயா சொன்னதைப் பற்றி மட்டும் எனக்கு அவ்வளவு துணிவாகத் தீர்ப்புச் சொல்ல வராது.

ஒவ்வொரு கோடையிலும் இதே காட்சி ஏதாவது ஒரு வீட்டில் நடக்கிறது. எல்லோரும் செய்யும் பிழையும் ஒன்றே: நிறத்தைப் பார்த்துப் பெயர் தேடுகிறார்கள். "பழுப்பு, பெரியது, கண் போன்ற பொட்டு" என்று தேடினால் ஆசியாவின் அட்லஸ் பூச்சிதான் முதலில் வந்து நிற்கும்; தென்னாப்பிரிக்காவில் அது இயற்கையாக இல்லவே இல்லை. நிறம் கடைசியில் பார்க்க வேண்டியது. எங்கே இருந்தது, எப்படி உட்கார்ந்திருக்கிறது, தலையிலுள்ள உணர்கொம்பு எப்படி, பொட்டு எந்த இறக்கையில், பக்கத்தில் என்ன மரம். இந்த வரிசையில் போனால் பாதிப் பூச்சிகளுக்குப் பத்து நிமிடத்தில் பெயர் கிடைத்துவிடும்.

ஒரு சொல் விளக்கம். அந்துப்பூச்சி என்றால் பலருக்கு அரிசிப் பானையில் பறக்கும் சின்னஞ்சிறு பூச்சிதான் நினைவுக்கு வரும். விட்டில் என்றால் விளக்கில் விழுவது; சில ஊர்களில் வெட்டுக்கிளிக்கும் அதே பெயர். நான் இங்கே அந்து என்று எழுதுவது கையகலப் பூச்சிகளையும் சேர்த்துத்தான். பட்டாம்பூச்சியின் இரவுநேர உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

விளக்குமாற்றை வாங்கி ஓரமாக வையுங்கள். வளர்ந்த பெரிய அந்துகள் கடிப்பதில்லை, கொட்டுவதும் இல்லை. இறக்கையைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் விஷமல்ல. அது நுண்ணிய செதில்கள். அந்தச் செதில்களில்தான் நிறமும் கோலமும் இருக்கின்றன. நீங்கள் தொட்ட இடத்தில் பூச்சியின் அடையாளம் அழிகிறது, அவ்வளவுதான். இந்தத் தூளைப் பற்றிய பயம் பழையது. மொரீஷியஸில் ஒருவகை அந்தின் இறக்கைத் தூள் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று மக்கள் நம்பியதை, 18ஆம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். கண்ணில் எந்தத் தூள் விழுந்தாலும் உறுத்தும், கழுவினால் போதும்.

கை சும்மா இருக்கும் நேரத்தில் நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், முந்தின இரவு மழை பெய்ததா, எந்த இடத்தில் இருந்தது. "வீட்டில்" என்று எழுதாதீர்கள். "பின்கட்டு விளக்குக்கு ஓர் அடி கீழே" என்று எழுதுங்கள். விளக்கருகே இருந்தால் எங்கிருந்தோ வந்த விருந்தாளி. இருட்டான குளியலறை மூலையில் இருந்தால் வேறு கூட்டம். மரத்தண்டில் இருந்தால் அந்த மரத்துக்கே உரியதாக இருக்கலாம்.

விளக்கில் விழும் விட்டிலைப் பற்றி நம் புலவர்கள் எவ்வளவோ பாடியாயிற்று. ஆசை, அழிவு என்றெல்லாம். 2024இல் வெளியான ஆய்வு ஒன்று அதை ஆசைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டது. இரவில் பறக்கும் பூச்சிகள் முதுகை வெளிச்சப் பக்கம் திருப்பிக்கொண்டு பறப்பவை. வானம்தான் வெளிச்சம் என்று இருந்த காலத்தில் அது சரியாக வேலை செய்தது. தெருவிளக்குக்கு முதுகைத் திருப்பப் போய் அதையே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. மின்வெட்டு வாட்டிய ஆண்டுகளில் இதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். இருட்டில் ஒன்றும் இருக்காது. மின்சாரம் திரும்பிச் சற்று நேரத்தில் சுவரெல்லாம் பூச்சியாக இருக்கும்.

2. நான்கு படங்கள்

நேர் எதிரே நின்று ஒரு படம், இறக்கை நுனிகள் நான்கும் தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று. தலைக்கு அருகே, கொம்பு தெளிவாகத் தெரியும்படி ஒன்று. நான்காவது, சற்றுத் தள்ளி நின்று, பூச்சி இருந்த இடமும் சுற்றுப்புறமும் தெரியும்படி. இந்த நான்காவதை யாரும் எடுப்பதில்லை. பெயர் சொல்ல வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். செல்பேசியின் பிளாஷை அணைத்துவிடுங்கள். செதில்கள் பளபளத்துக் கோலமே வெளுத்துவிடும். ஒருவர் பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போதும்.

பின்னிறக்கை முன்னிறக்கைக்குள் மறைந்திருந்தால், புல் குச்சியால் முன்னிறக்கையின் ஓரத்தை மெல்லத் தொடுங்கள். சில பூச்சிகள் சட்டென்று முன்னிறக்கையை விலக்கிக் கீழே ஒளித்து வைத்திருக்கும் நிறத்தைக் காட்டும். அந்த ஒரு நொடிக்குக் கேமராவைத் தயாராக வைத்திருங்கள். இரண்டாம் முறை தொடாதீர்கள், பறந்துவிடும்.

3. அளந்து எழுதுங்கள்

"தட்டு அளவு இருந்தது" என்று சொன்னவரின் பூச்சியை அளந்தால் 7 செ.மீ. இருக்கும். இது நான் பலமுறை கண்டது. தரையில் இருந்தால் அருகே ஓர் ஐந்து ராண்ட் நாணயத்தை வையுங்கள். அதன் விட்டம் 26 மி.மீ. சுவரில் நாணயம் நிற்காது, பள்ளிப்பிள்ளையின் அடிக்கோலைப் பக்கத்தில் பிடியுங்கள். இறக்கை மடிந்திருந்தால் முன்னிறக்கை ஒன்றை அடியிலிருந்து நுனிவரை அளந்து, இரண்டால் பெருக்கி, உடல் அகலத்தைக் கூட்டுங்கள். ஏறத்தாழ விரிப்பளவு கிடைத்துவிடும்.

4. உட்காரும் விதம்

இங்கே கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். எந்தப் புத்தகத்தைப் புரட்டுவதற்கும் முன்னால், பூச்சியின் குடும்பத்தை அதன் உட்காரும் பாணியே சொல்லிவிடும். நம் வீடுகளுக்கு வரும் பெரிய அந்துகளை நான் மூன்று விதமாகப் பிரிப்பேன்.

முதல் விதம், ஜெட் விமானம். முன்னிறக்கைகள் ஒடுங்கி, கூர்மையாக, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். உடல் தடித்து, வால்பக்கம் கூம்பியிருக்கும். சுவரில் யாரோ அம்பு முனையைச் செருகியது போல இருக்கும். இது ஹாக் மாத் குடும்பம். பருந்துப்பூச்சி என்று வைத்துக்கொள்வோம், பறக்கும் வேகத்துக்குப் பொருந்தும் பெயர். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பதும் இதுவே. புறப்படுவதற்கு முன் இறக்கைகள் கிடுகிடுவென்று நடுங்கும். குளிரில் நடுங்குகிறது, நோய் வந்துவிட்டது என்று பரிதாபப்படாதீர்கள். பறப்பதற்காக உடற்சூட்டை ஏற்றிக்கொள்கிறது.

இரண்டாவது, விரித்த புத்தகம். நான்கு இறக்கைகளும் அகலமாக விரிந்து, சுவரோடு தட்டையாக ஒட்டியிருக்கும். இதில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று எம்பரர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் பேரரசர் கூட்டம். இந்தியாவில் டஸ்ஸர் பட்டும் முகா பட்டும் தருவது இந்தக் குடும்பத்துப் பூச்சிகளே. உடலில் கம்பளி போல அடர்ந்த மயிர், பிரமாண்ட இறக்கை. மற்றொன்று ஆந்தைப்பூச்சிக் கூட்டம். உடல் மெலிந்தது, மயிர் குறைவு, இருட்டு மூலையை விரும்பும். இரண்டையும் பிரிப்பது எப்படி என்பதை அடுத்த இரண்டு படிகளில் சொல்கிறேன், ஏனெனில் டர்பனில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

மூன்றாவது, ஓட்டுக்கூரை. இறக்கைகள் முதுகின் மேல் இருபுறமும் சரிந்து கூரை போல நிற்கும். உதிர்ந்த சருகு என்று நினைத்துக் கடந்துபோவோம். இதில் பல குடும்பங்கள் கலந்திருக்கின்றன. பழத்தைத் துளைக்கும் அந்தும் இப்படித்தான் சருகு வேடத்தில் உட்காரும். கலைத்தால் கீழே ஆரஞ்சு நிறப் பின்னிறக்கை பளிச்சிடும். ஆரஞ்சு, லிச்சிப் பழங்களில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை, சுற்றிலும் அழுகல் என்று இருந்தால் இந்தக் கூட்டத்தைச் சந்தேகியுங்கள்.

ஆயா வீட்டுப் பூச்சி இரண்டாவது விதம். தட்டையாக, அகலமாக, நான்கு இறக்கையும் விரித்து.

5. கொம்பும் வாயும்

பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சி போலத் தடித்திருக்கும். அந்துக்கு அப்படி இருக்காது. நூலாகவோ இறகாகவோ இருக்கும். ஆந்தைப்பூச்சிக்கு மெல்லிய நூல். பேரரசர் கூட்டத்தில் ஆணுக்குப் பெரணி இலை போல இருபுறமும் விரிந்த அகன்ற கொம்பு. பெண்ணுக்கு அது மிகவும் குறுகியது. காற்றில் கலந்து வரும் பெண்ணின் வாசனையை நெடுந்தொலைவிலிருந்தே பிடிப்பதற்காக ஆணுக்கு அந்த விரிந்த கொம்பு. உடல் பருத்து, வயிறு முட்டையால் நிறைந்திருந்தால் பெண்.

ஆயா வீட்டுச் சுவரில் இருந்ததன் கொம்பு நல்ல அகலம். "இது ஆண் பூச்சி, ஆயா" என்றேன்.

"அதைத்தானே நான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

அடுத்தது வாய். பருந்துப்பூச்சிகளில் பலவற்றுக்குச் சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் உண்டு. பேரரசர் கூட்டத்துக்கு வேலை செய்யும் வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துச் சில நாட்கள் வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடும். ஆகவே தேன் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், பழத்துண்டு என்று எதையும் முன்னால் வைக்காதீர்கள். ஆயா ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் பால் வைத்திருந்தார். அது தாத்தாவுக்கு வைத்தது என்பதால் நான் எதுவும் சொல்லவில்லை.

6. பொட்டு எந்த இறக்கையில்?

கண்பொட்டைப் பார்த்ததும் "ஆந்தை" என்பார்கள். பொட்டு இருக்கிறதா என்பதைவிட, எந்த இறக்கையில் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

முன்னிறக்கையில் சுருண்ட பெரிய பொட்டு, முன்னிறக்கையிலிருந்து பின்னிறக்கைவரை ஒரே வீச்சில் ஓடும் வெளிர்க்கோடு, நூல் கொம்பு. மூன்றும் இருந்தால் சிலிகிராம்மா லடோனா என்ற ஆந்தைப்பூச்சி. பகலில் வண்டிக் கொட்டகையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் ஒளிந்திருக்கும். அழுகிய பழத்தின் சாற்றைக் குடிக்க வரும். மாம்பழக் காலத்தில் குப்பைவாளி அருகே திடீரென்று முகத்தில் மோதிவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த வகைதான்.

பின்னிறக்கையில் வட்டமான, வளையம் வளையமான பொட்டு இருந்தால் பேரரசர் பக்கம் போங்கள். அந்தக் கூட்டத்தில் பலவற்றுக்கு இறக்கையில் செதிலே இல்லாத சிறு சன்னல் இருக்கும், கண்ணாடி பதித்தது போல. பூச்சிக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் அது ஊடுருவித் தெரியும்.

செம்பழுப்பு இறக்கை, வெளிர்ப்பட்டை, பின்னிறக்கையில் ஆரஞ்சுப் பொட்டு, விரிப்பளவு 16 செ.மீ. வரை: இது புனேயா அல்சினோ. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் நான் அதிகம் பார்த்த பேரரசர் இதுதான். நான்கு இறக்கையிலும் பொட்டு இருந்து, நிறம் மஞ்சளா பழுப்பா இளஞ்சிவப்பா என்று ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருந்தால் இம்பிராசியா சைத்தீரியாவைப் பாருங்கள். அதன் புழு பைன் தோப்புகளை மொட்டையடிப்பதில் பேர்பெற்றது. நிறத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்தப் பூச்சியே போதும்.

இளம்பச்சை நிறம், பின்னிறக்கையிலிருந்து நீண்டு தொங்கும் இரட்டை வால். இதற்கு வழிகாட்டியே தேவையில்லை: ஆப்பிரிக்க நிலாப்பூச்சி, ஆர்ஜெமா மிமோசே. விரிப்பளவு 10 முதல் 12 செ.மீ. மருலா, தம்போத்தி மரங்களில் வளர்வது. கூடு வெள்ளி பூசியது போல மினுங்கும், மேலே சிறுசிறு துளைகள் இருக்கும். நகருக்குள் எளிதில் கிடைக்காது. எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலின் வடபகுதிக்குப் போனால் விளக்கடியில் பாருங்கள்.

லிம்பொப்போ மாகாணத்தில் மக்கள் உலர்த்திச் சமைக்கும் மொப்பானிப் புழுவும் பேரரசர் கூட்டத்துப் பிள்ளைதான். அதன் தாய்ப்பூச்சிக்கும் பின்னிறக்கையில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கிறது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதையும் புனேயாவையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அங்கேதான் அடுத்த படி கைகொடுக்கும்.

7. மரத்தைக் கேளுங்கள்

பூச்சி ஊர் சுற்றும். அதன் புழுவோ ஒரு சில மரங்களைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆகவே சுற்றிலும் என்ன செடி, என்ன மரம் என்று பார்ப்பது பூச்சியின் முகவரியைக் கேட்பதற்குச் சமம்.

ஆயா வீட்டுக்குப் பின்னால், மூன்றாவது மனையில், உம்செங்கே என்று சூலு மொழியில் சொல்லும் மரம் நிற்கிறது. ஆங்கிலத்தில் கேபேஜ் ட்ரீ. முட்டைக்கோசுக்கும் அதற்கும் உறவில்லை. தடித்த தண்டின் உச்சியில் கைவிரல் போலப் பிரிந்த சாம்பல்பச்சை இலைக்கொத்து. போன மார்ச்சில் அந்த மரம் ஒரே வாரத்தில் மொட்டையானது. கீழே போய் நின்றால் கறுப்புப் புழுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. உடல் முழுக்க வெளிர்மஞ்சள் முள், பக்கவாட்டில் செம்புள்ளி. பார்க்கப் பயமாக இருந்தாலும் கையில் எடுத்தால் ஒன்றும் செய்யாது. அது புனேயாவின் புழு. தின்று முடித்ததும் மரத்திலிருந்து இறங்கி மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவானது, பட்டுக்கூடு கட்டவில்லை. மரம் அடுத்த மழையில் தழைத்துவிட்டது. நவம்பரில் ஆயாவின் சுவரில் செம்பழுப்புப் பூச்சி உட்கார்ந்தபோது எனக்கு அந்த மரம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பொட்டு, கொம்பு, மரம் மூன்றும் ஒரே பெயரைச் சொல்லின.

நம் வீட்டுச் செடிகளுக்கும் இப்படி விருந்தாளிகள் உண்டு. அரளி, நித்தியகல்யாணி இருந்தால் டாஃப்னிஸ் நேரியை எதிர்பாருங்கள். பச்சையும் இளஞ்சிவப்பும் குழைத்துப் பாசிபடிந்த சலவைக்கல் போல ஒரு பருந்துப்பூச்சி. இருப்பதிலேயே அழகானது என்று நான் சாதிப்பேன். புழுவுக்குத் தலைக்கு அருகே இரண்டு நீலக்கண் பொட்டு. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் போலிக்கண்ணால் முறைக்கும். தமிழ்நாட்டில் நந்தியாவட்டைச் செடியில் பார்த்திருப்பீர்கள், அதே பூச்சி. அரளி மனிதருக்கு நஞ்சு, இதற்கு அன்றாடச் சாப்பாடு.

சர்க்கரைவள்ளிக்கொடி இருந்தால் அக்ரியஸ் கன்வால்வுலி. மேலே மரப்பட்டைச் சாம்பல், இறக்கையை விலக்கினால் வயிற்றில் இளஞ்சிவப்பும் கறுப்புமாகப் பட்டைகள். உறிஞ்சுகுழல் உடலைவிட நீளம். அந்திநேரத்தில் பப்பாளிப் பூவைச் சுற்றி ஏதோ விர்ரென்று வந்துபோனால் விரட்டாதீர்கள். ஆண் மரத்து மகரந்தத்தைப் பெண் மரத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பருந்துப்பூச்சிகள்தான் செய்கின்றன. பப்பாளி காய்க்கவில்லை என்று வருந்துகிறவர்கள் இரவெல்லாம் எரியும் வெளிவிளக்கையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கத்தரிச் செடி இருந்தால், அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கத்தரிப் பாத்தியில் ஒரு செடியின் மேல் இலைகள் மட்டும் காணாமல் போயின. குரங்கு என்று நினைத்தேன். இங்கே எல்லாப் பழியும் குரங்கின் மேல்தானே. ஆனால் குரங்கு காயைப் பறிக்குமே தவிர இலையை ஒழுங்காக நறுக்காது. கீழே மண்ணில் மிளகைவிடப் பெரிய கறுப்பு உருண்டைகள் கிடந்தன. நீளவாட்டில் வரிவரியாகப் பள்ளம். அது புழுவின் எச்சம். எச்சத்துக்கு நேர் மேலே அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்தேன், பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு தண்டு அசைந்தது. என் நடுவிரலைவிடப் பருத்த மஞ்சள் புழு, உடம்பில் சாய்வாக நீலக்கோடுகள், வாலில் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பான வளைந்த கொம்பு. கிட்டப் போனதும் தலையைத் தூக்கி டிக் டிக் என்று சத்தமிட்டது.

ஒரு வாளியில் பாதிக்கு மேல் ஈரமண் போட்டு, கத்தரிக் கிளையோடு புழுவை விட்டு, மேலே கொசுவலைத் துணி கட்டினேன். நான்காம் நாள் மண்ணுக்குள் போனது. சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை வலையில் தொங்கிக்கொண்டிருந்தது: முதுகில் மண்டையோடு, மஞ்சள் பின்னிறக்கையில் கறுப்புப் பட்டைகள், சுண்டெலி போல உடல். வலையை அவிழ்த்தபோது கீச்சென்று கத்தியது. பூச்சி கத்தும் என்று படித்திருந்தேன். கையில் இருந்து கத்தியபோது வலையைக் கீழே போட்டுவிட்டேன். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியே தள்ளி அந்தச் சத்தத்தை எழுப்புகிறது.

இதன் பெயர் அக்கெரோன்ஷியா அட்ரோபோஸ். அதில் அட்ரோபோஸ் என்ற பகுதி 1758இல் லின்னேயஸ் வைத்தது. அட்ரோபோஸ் கிரேக்கக் கதையில் ஆயுள்நூலை அறுக்கும் தேவி. நம் கணக்கில் யமன் வீட்டு ஆள். தமிழ்நாட்டில் காணப்படுவது இதன் உடன்பிறப்புகளான ஸ்டிக்ஸ், லாக்கெசிஸ் என்ற இரண்டும். பெயர்தான் பயங்கரமே ஒழியத் தொழில் திருட்டு. இரவில் தேன்கூட்டுக்குள் நுழைந்து, தேனீக்களின் வாசனையைத் தன் உடலிலும் வைத்துக்கொண்டு, குட்டையான தடித்த குழலால் மெழுகைத் துளைத்துத் தேன் குடிக்கிறது. உங்கள் தெருவில் யாராவது தேனீப் பெட்டி வைத்திருந்தால் விசாரியுங்கள். பெட்டிக்குள் செத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. நான் கையில் எடுத்தது மயிரில்லாத, வாலில் கொம்புள்ள புழு. மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சி, மரத்தில் கும்பலாக வரிசைபோகும் மயிர்ப்புழு, பச்சைச் சப்பட்டைப் புழு எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். அரிப்பும் எரிச்சலும் நாள்கணக்கில் இருக்கும்.

8. பகலில் பறந்தால்

அந்து இரவில்தான் வரும் என்ற விதிக்கு டர்பனில் இரண்டு பேர் கட்டுப்படுவதில்லை. மின்னும் கருநீல உடலில் ஆரஞ்சுப் புள்ளி வைத்து நண்பகலில் சாவகாசமாகப் பறப்பது பீச் மாத் எனப்படும் எகிபோலிஸ் வைலண்டினா. எல்லோரும் பட்டாம்பூச்சி என்றே சொல்வார்கள். கொம்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். மற்றொன்று கண்ணாடி இறக்கையோடு பெரிய வண்டு போல ரீங்கரிக்கும் செஃபோனோடிஸ் ஹைலஸ். கார்டீனியாச் செடியருகே பாருங்கள்.

9. பிறரைக் கேட்பது

ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி இலவசம். நான்கு படங்களையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். நான்கு தனிப்பதிவுகளாகப் போடுகிறவர்களால்தான் பாதிக் குழப்பம். இடத்தையும் தேதியையும் கொடுத்தபிறகு வரும் கணினிப் பரிந்துரையில், அருகில் காணப்பட்டவை எவை என்று குறித்திருக்கும். அதைக் கவனியுங்கள். ஆயாவின் பேரன் இடத்தைக் கொடுக்காமல் தேடியதால்தான் அட்லஸ் வந்து நின்றது. வீட்டு முகவரி ஊருக்கே தெரிய வேண்டாம் என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

கணினி சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மட்டத்தோடு நிறுத்துங்கள். "பருந்துப்பூச்சிக் குடும்பம்" என்று மட்டும் போடுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி, அந்து ஆர்வலர்களுக்கென லெப்பிடாப்டெரிஸ்ட்ஸ் சொசைட்டி ஆஃப் ஆப்பிரிக்கா என்ற சங்கமும் இருக்கிறது; புழுக்களை வளர்த்து எந்தப் புழு எந்தப் பூச்சியாகிறது என்று பதிவுசெய்யும் குழு ஒன்றை அது நடத்துகிறது. உங்கள் கத்தரிச்செடிப் புழுவுக்கு அங்கே நல்ல மரியாதை கிடைக்கும். நகரமண்டபக் கட்டடத்தில் இருக்கும் டர்பன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போனால், படத்தில் பார்த்ததை உண்மை அளவில் பார்த்துவிட்டு வருவார்கள்.

செத்த பூச்சி கிடைத்தால் எறியாதீர்கள். தீப்பெட்டியோ இனிப்புப் பெட்டியோ, அடியில் காகிதம், ஓர் அந்துருண்டை, பக்கத்தில் தேதியும் இடமும் எழுதிய சீட்டு. சீட்டு இல்லாத பூச்சி வெறும் தூசு. உயிருள்ளதைக் கொன்று சேர்க்க வேண்டிய தேவை வீட்டுத்தோட்டக்காரருக்கு இல்லை. இயற்கைக் காப்பகங்களுக்குள் எதையும் பிடிக்கவே கூடாது.

10. பெயர் கிடைத்தபிறகு

பகல் முழுவதும் அது அசையாது, அசைக்கவும் வேண்டாம். கோழி, பூனை, எறும்பு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும், கால்களுக்கு முன்னால் ஓர் அட்டையை வைத்து, அதுவாக ஏறியதும் நிழலான மரத்தண்டுக்கு மாற்றுங்கள். எங்கள் தெருவில் புல்லைக் குத்திக் கிளறும் ஹடீடாப் பறவைகளிடமிருந்தும் மறைவாக இருக்கட்டும்.

ஆயா வீட்டுப் பூச்சியைச் சுவரிலேயே விட்டோம். எதிர்வீட்டு அண்ணன் விளக்குமாற்றோடு வீட்டுக்குப் போனார். பேரன் புனேயா அல்சினோ என்று நோட்டில் எழுதி, கீழே 14 செ.மீ. என்று குறித்து, நான்கு படங்களையும் ஏற்றினான். பொழுது சாய்ந்து ஆறரை மணிக்கு மேல் இறக்கைகள் நடுங்கத் தொடங்கின. ஆயா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். இரண்டு மூன்று நிமிடம் நடுக்கம், பிறகு ஒரே எழும்பல். கூரைக்கு மேல், உம்செங்கே மரம் இருக்கும் திசையில் போய் மறைந்தது.

பேரன் வழக்கம்போல வெளிவிளக்கைப் போடக் கையை நீட்டினான்.

"இன்றைக்கு வேண்டாம்" என்றார் ஆயா. "வழி தெரியாமல் திரும்பி வந்துவிடுவார்."